ஜீப்பில் ஃபைபர் டாப் உட்கார மறுக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

செட்டிநாட்டில் ஜீப்புக்கு ஃபைபர் டாப், அதாவது கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை, மாட்டுவது ஐப்பசிக்கு முந்தைய வேலை. கோடை முழுக்கக் கேன்வாஸோடோ திறந்தபடியோ ஓடிய பழைய மஹிந்திரா ஜீப்புகளும், 2010-இல் வந்த முதல் தலைமுறை மஹிந்திரா தார் ஜீப்பும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஃபைபர் டாப்புக்கு மாறும். தை பிறந்ததும் கழற்றி வைப்பார்கள். இவை தவிர இன்னொரு வகை வண்டியும் இங்கே உண்டு. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் கொட்டகையில் நிற்பவை. கல்யாணத்துக்கோ, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வீட்டார் வந்து இறங்கும்போதுதான் ஜீப்பும் வெளியே வரும். டாப்பைத் தூக்கி வைத்தால் ஒரு மூலை உட்காராது. "போன தடவை சரியா இருந்துச்சே" என்பார்கள். அது உண்மைதான். டாப் சுவரில் சாய்ந்து நின்ற மாதங்களில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். டாப் தன் எடையிலேயே உட்கார வேண்டும். போல்ட்டும் லாக்கும் உட்கார்ந்ததை அசையாமல் பிடித்து வைக்க மட்டுமே. உட்காராத டாப்பைப் போல்ட் போட்டு இழுத்துக் கீழே இறக்கினால் அன்றைக்கு வேலை முடிந்ததுபோல் தெரியும். அப்புறம் ஃபைபரில் விரிசல், காற்று, தண்ணீர், கதவு இறுக்கம் என்று ஒவ்வொன்றாக வரும். கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு அவசரத்தில் பிறந்தவைதான்.

வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள்?

அறிகுறி எதுவானாலும் முதல் கேள்வி இது. ஜீப்பின் பாடி, சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தின் மீது புஷ் எனப்படும் ரப்பர்த் துண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சக்கரம் கல்மேல் ஏறி நின்றால் சேஸிஸ் முறுக்கும், பாடியும் கூடவே கொஞ்சம் முறுக்கும். நம்பாவிட்டால் ஒரு பக்க முன்சக்கரத்தைச் செங்கல் மேல் ஏற்றி, கதவின் மேல் இடைவெளியைப் பாருங்கள். அந்த நிலையில் டாப்பைப் பொருத்தினால் சமமான ரோட்டில் இறங்கியதுமே எல்லாம் மாறிவிடும்.

நம் வீடுகளின் முற்றம் இதற்கு ஆகாது. மழைத்தண்ணீர் வழிந்து ஓடவே வாட்டம் வைத்துக் கட்டியது அது. தெருவும் ஓடைப் பக்கம் சரிந்திருக்கும். சிமெண்டு போட்ட கொட்டகையோ பெட்ரோல் பங்க் தரையோ மேல். நான்கு டயரிலும் வண்டிக்குச் சொன்ன காற்று அளவு இருக்கட்டும். பின்னால் கிடக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். ரசமட்டத்தைப் பாடி விளிம்பில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தூக்குவதற்கு நான்கு பேர் வேண்டும், மூலைக்கு ஒருவர். ஐந்தாவதாக ஒருவர் தூக்காமல் தள்ளி நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். "அண்ணே, உங்க பக்கம் ரெண்டு விரக்கடை முன்னாடி வாங்க. தம்பி, நீ அப்படியே நில்லு" என்று ஒரே குரல்தான் கேட்க வேண்டும். நான்கு பேரும் ஆளுக்கொன்று சொன்னால் டாப் முன்கண்ணாடி பிரேமில் இடிக்கும். ஆள் இல்லை என்று பழைய வீட்டு உத்திரத்தில் செயின் பிளாக் கட்டித் தூக்காதீர்கள். அந்தத் தேக்கு, ஓட்டுக் கூரையைத் தாங்கப் போட்டது. தொங்கி ஆடும் எடையை அதில் மாட்டுவது வீட்டுக்குச் செய்யும் கெடுதல்.

அறிகுறி: ஒரு மூலை தூக்கி நிற்கிறது

இங்கே அதிகம் வரும் புகார் இதுதான். மூன்று மூலை உட்கார்ந்திருக்கும். நான்காவது ஒரு விரல் அளவு மேலே நிற்கும். அதை அழுத்தினால் எதிர் மூலை கிளம்பும். கோணல் டாப்பிலா பாடியிலா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். தெரியாமல் போல்ட்டில் கை வைக்காதீர்கள்.

டாப்பைச் சோதிக்க வீட்டுத் தரையே போதும். வீட்டு முகப்பிலோ, உள்ளே பட்டாலை என்னும் கூடத்திலோ தரை பெரும்பாலும் மட்டமாக இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் கெட்டி ஜமுக்காளத்தை நன்றாக மடித்து விரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லில் விழும் கீறல் போகாது. டாப்பின் விளிம்பில் ஓடும் ரப்பர்ப் பட்டையான பீடிங்கைக் கழற்றிவிட்டு, ஒரே உயரமுள்ள நான்கு மரக்கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் டாப்பின் நான்கு மூலைகளும் வரும்படி இறக்குங்கள். ஆடினால் கோணல் டாப்பில். ஆடவில்லை என்றால் பாடியைச் சந்தேகப்படுங்கள். கட்டைகளை இடம் மாற்றி வைத்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டையோ தரையோ சரியில்லாமல் டாப்பைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது.

பாடிக்கு அளவு நாடா. முன்கண்ணாடி பிரேமின் இடது மேல் மூலையிலிருந்து பாடியின் வலது பின் மூலை வரை ஓர் அளவு. வலது மேல் மூலையிலிருந்து இடது பின் மூலை வரை இன்னொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். நாலைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் பீடிங் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் போனால் பாடி புஷ்களைப் பாருங்கள். பழைய ஜீப்பில் ஒரு பக்கப் புஷ் நசுங்கி, மறுபக்கம் உயரமாக நிற்பது சாதாரணம். அதை மாற்றினால் டாப்பைத் தொடாமலே மூலை இறங்கிவிடும். பழைய ஜீப்புகளில் முன்கண்ணாடி பிரேம் கீல் வைத்து முன்னால் மடிவது. கீல் போல்ட் தளர்ந்து பிரேம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். பிரேமைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கீலில் அசைவு தெரிந்தால் முதல் வேலை அது.

கோணல் டாப்பில் என்றால் காரணம் பெரும்பாலும் வைத்த விதம். ஃபைபர் என்பது கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மாதக்கணக்கில் சுவரோடு சாய்ந்து ஒரே மூலையில் நின்றால் மெல்ல அந்தப் பக்கம் சரிந்துவிடும். சிறு வளைவாக இருந்தால், நான்கு மூலையும் பின்புறமும் சரியாகத் தாங்கும்படி மட்டமான கட்டைகளில் வைத்து, தூக்கி நிற்கும் மூலையில் மட்டும் அளவான எடை ஏற்றி, பல நாள் வெயிலில் விட்டால் ஓரளவு திரும்பும். கேஸ் அடுப்பையோ ஹீட் கன்னையோ பிடித்து வளைக்கப் பார்க்காதீர்கள். பிசின் கருகும், இழை பிரியும். இரும்புபோல் வளைந்து அப்படியே நிற்கும் பொருள் இல்லை இது.

திரும்பாத மிச்சத்துக்குத் தகடு. இடைவெளியை அளந்து, அந்த மூலையில் டாப்புக்கும் பாடிக்கும் நடுவே அலுமினியத் தகடோ கெட்டி ரப்பர் பட்டையோ கொடுங்கள். ஒரே இடத்தில் தடியாக வைக்காமல், மூலையில் தடித்துப் போகப் போக மெலிகிற மாதிரி இரண்டு மூன்று துண்டுகளாகப் படிப்படியாக வையுங்கள். அப்போதுதான் பீடிங் முழு நீளமும் ஒரே சீராக அழுந்தும்.

அறிகுறி: போல்ட் துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை

முதல் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு இரண்டாவதைத் தேடுவதுதான் வழக்கமான காரணம். எல்லா போல்ட்டையும் கையாலேயே இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றிவிட்டு, டாப்பை இருபக்கமும் தட்டி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முன் பிரேமில் நடு, பின்னால் நடு, இரண்டையும் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் கண்ணுக்கே தெரியும். அப்புறம் முன்பக்கம் லேசாக, பின்பக்கம் லேசாக, கடைசியாகப் பக்கவாட்டு போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு துளை சேரவில்லை என்றால், பாடியில் உள்ள இரும்பு பிராக்கெட்டின் துளையை நீளவாக்கில் பெரிதாக்கலாம். ஃபைபரில் உள்ள துளையை அரத்தால் அகலப்படுத்தவே கூடாது. விளிம்பில் இழை பிரிந்து, அங்கிருந்துதான் விரிசல் புறப்படும். ஏற்கெனவே துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் அகலமான வாஷர் போடுங்கள். ஃபைபரின் தடிமனுக்குச் சமமான ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் துளைக்குள் நுழைத்துவிட்டால் போல்ட்டின் இறுக்கம் ஃபைபரை நசுக்காது. ஆழமான விரிசலுக்குப் புட்டி போதாது. உள்பக்கம் கண்ணாடி இழைப் பாய் வைத்துப் பிசின் பூச வேண்டும்.

ஒரு போல்ட் கூடவில்லை என்று விட்டுவிட்டு ரோட்டில் ஏறாதீர்கள். வேகத்தில் காற்று டாப்பை மேல்நோக்கித் தூக்கும். பிடிப்பு குறைந்த இடத்தில்தான் அந்த விசை முழுவதும் வந்து சேரும்.

அறிகுறி: அறுபது எழுபதைத் தாண்டினால் காற்று ஊளையிடுகிறது

ஊளை பெரும்பாலும் முன்கண்ணாடி பிரேமுக்கு மேலே, இரண்டு ஓரங்களில் இருந்து வரும். காதை நம்பித் தேடாதீர்கள். உள்ளே எதிரொலித்துப் பின்னால் இருந்து வருவதுபோல் கேட்கும்.

முதல் சோதனை நின்ற இடத்திலேயே. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, கதவுகளை மூடி, உள்ளே பிளோயரை முழு வேகத்தில், வெளிக்காற்று எடுக்கும் நிலையில் ஓடவிடுங்கள். வெளியே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி இணைப்பு நெடுக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக ஏறிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் வெளிப்பக்கம் சட்டென்று தள்ளப்பட்டால், ஓட்டை அங்கே. காற்று வீசாத விடிகாலையில் செய்தால் துல்லியமாகத் தெரியும். கேன்வாஸ் கிழிசலோ பெட்ரோல் கசிவோ உள்ள வண்டிக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

ஊதுபத்தியில் பிடிபடாதது ரோட்டில் பிடிபடும். சந்தேகமுள்ள இணைப்புகள் எல்லாவற்றின் மேலும் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டிவிடுங்கள். திருமயம் ரோடுபோல நீண்ட நேர் ரோட்டில் ஊளை வந்த அதே வேகத்தில் போய்ப் பாருங்கள். ஊளை போயிருந்தால் ஓரத்தில் நிறுத்தி ஒரு துண்டை உரித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்தத் துண்டை உரித்தபோது ஊளை திரும்புகிறதோ அதுவே இடம். பக்கத்தில் ஒருவர் இருந்து கேட்க வேண்டும். ஓட்டுபவருக்கு ரோடு மட்டும்தான் வேலை.

இடம் தெரிந்த பிறகு பீடிங் அழுந்துகிறதா என்று பாருங்கள். செய்தித்தாளில் இரண்டு விரல் அகலத் துண்டை இணைப்பில் வைத்து டாப்பை லாக் செய்து இழுங்கள். நல்ல இடத்தில் காகிதம் பிடிப்போடு வரும். ஓட்டை உள்ள இடத்தில் சும்மா உருவிக்கொண்டு வரும். அங்கே பீடிங்குக்கு அடியில் மெல்லிய ஸ்பாஞ்சு ரப்பர் பட்டை ஒட்டித் தூக்கிவிட்டால் போதும். முன்பக்கம் முழுக்கவே காகிதம் பிடிப்பில்லாமல் வந்தால் அது பீடிங் கோளாறு இல்லை. டாப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அல்லது பிரேம் முன்னால் சாய்ந்திருக்கிறது.

அறிகுறி: மழையில் காலடியில் தண்ணீர்

தண்ணீர் விழும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஓட்டுநர் காலடியில் தேங்கும் தண்ணீர், முன்கண்ணாடி பிரேமின் மேல் மூலையில் நுழைந்து, பிரேமின் உள்பக்கமாக ஓசைப்படாமல் இறங்கி வந்ததாக இருக்கும். அதனால் கம்பளத்தைத் தூக்கிவிட்டு, பிரேமின் உள்பக்கத்தில் முகப்பவுடரைத் தடவுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே குழாய்த் தண்ணீரை அடிக்காமல் வழியவிடுங்கள். கீழே தொடங்கி மேலே போக வேண்டும். முதலில் கதவின் அடிப்பாகம், அடுத்துக் கண்ணாடிக் கீழ் ஓரம், அப்புறம் மூலை, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடங்கள் நில்லுங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது என்று தெரியாமல் போகும். பவுடரில் ஈரக்கோடு விழுந்த இடத்திலிருந்து மேல்நோக்கிப் பின்தொடர்ந்தால் நுழைவாயில் கிடைக்கும்.

அங்கே நீங்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது இதுதான்: மூலையில் பீடிங் இரண்டு துண்டாக வெட்டிச் சேர்த்திருக்கும், அந்த இணைப்பு வாய் திறந்திருக்கும். பீடிங்கை இழுத்து ஒட்டினால் அது சில வாரங்களில் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி இணைப்பைப் பிரித்துவிடும். ஒட்டும்போது இழுக்காமல், கொஞ்சம் உள்நோக்கித் தள்ளியபடியே ஒட்ட வேண்டும். இணைப்பு பின்பக்க நடுவில் வரட்டும். மூலையை ஒரே துண்டாகத் திருப்புங்கள்.

இந்த இடத்தில் சிலிகான் பூசி அடைத்துவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். கழற்றி மாட்டும் டாப்புக்கு அது சரிவராது. அடுத்த தையில் கழற்றும்போது சிலிகானோடு பெயின்டும் பீடிங்கும் பிய்ந்து வரும். அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் புதுப் பெயின்டும் பிடிக்காது. பீடிங் மிருதுவாக இருக்கட்டும் என்று கிரீஸ், தேங்காய் எண்ணெய், டீசல் தடவுவதும் இங்கே உண்டு. பல பீடிங்குகளின் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதித் தளர்ந்துவிடும். தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் சிலிகான் கிரீஸை விரலால் மெல்லியதாகத் தடவினால் போதும்.

அறிகுறி: தண்ணீர் வரவில்லை, செம்மண் தூசி மட்டும் வருகிறது

இது நம் ஊருக்கே உரிய தொல்லை. ஓடும் ஜீப்பின் பின்னால் காற்றழுத்தம் குறையும். சக்கரம் கிளப்பிய தூசி அங்கே சுழன்று, பின்கதவின் சின்ன இடுக்கு வழியாகவும் உள்ளே இழுக்கப்படும். தண்ணீர் புகாத இடுக்கிலும் தூசி புகும்.

இந்தத் தொல்லையிலேயே ஒரு உதவியும் இருக்கிறது. செம்மண் பாதையில் ஓட்டிவிட்டு வந்ததும் துடைக்காமல் பின்கதவைத் திறந்து பீடிங்கைப் பாருங்கள். சரியாக அழுந்திய இடத்தில் ரப்பரின் வெளி ஓரம் மட்டும் சிவந்து, உள் ஓரம் கறுப்பாகவே இருக்கும். தூசி நுழைந்த இடத்தில் சிவப்பு, ரப்பரைக் குறுக்கே கடந்து உள்ளே மெல்லிய வால்போல் நீண்டிருக்கும். அந்த வால்களை எல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பின்கதவின் கீழ் மூலைகளிலும், டாப்பும் பாடி விளிம்பும் பின்கதவும் சந்திக்கும் அந்த மூன்று முனை இடத்திலும்தான் இருக்கும். அங்கே தனியாகச் சிறு ரப்பர்த் துண்டு வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். கடையில் நீளமாக விற்கும் பீடிங் அந்த மூலைக்கு வளையாது.

அதுவரைக்கும் தூசிப் பாதையில் போகும்போது கண்ணாடிகளை ஏற்றி, பிளோயரை வெளிக்காற்று நிலையில் ஓடவிடுங்கள். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடி, தூசி இழுபடுவது குறையும். முன்னால் லாரி போனால் மட்டும் தூரம் விட்டுப் போங்கள்.

அறிகுறி: கதவு இறுகுகிறது, அல்லது கண்ணாடி ரப்பரைச் சேரவில்லை

வரிசை முக்கியம். கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை டாப் இல்லாமலே கீலில் சரிசெய்யுங்கள். அதற்கப்புறம் டாப். டாப்புக்காகக் கதவை வளைத்தால், தையில் டாப்பைக் கழற்றியதும் கதவு எதற்கும் சேராது. டாப்பை மாட்டிய பிறகே கதவு இறுகுகிறது என்றால் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். லேசாக மூடினால், இறுக்கியபோது டாப்பின் பக்கச் சுவர் உள்நோக்கி இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே இரு பக்கமும் சமமாகத் தகடு வையுங்கள்.

கதவுக் கண்ணாடிக்குச் சட்டமே இல்லாத இரண்டு இருக்கைத் திறந்த கார்களுக்கும் இதே வரிசைதான். கூரை நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்திருப்பதால் 'பகோடா' என்று பெயர் வாங்கிய 1963-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 230 எஸ்.எல். ஆனாலும், 1989-இல் வந்த மஸ்தா எம்.எக்ஸ்-5 ஆனாலும், கண்ணாடி நேரே டாப்பின் ரப்பரில்தான் போய் உட்கார வேண்டும். டாப்பை இடத்தில் நிலைப்படுத்திவிட்டு, கடைசியாகக் கதவுக்குள் உள்ள கண்ணாடியின் சாய்வையும் ஏறும் உயரத்தையும் திருத்துவார்கள். எம்.எக்ஸ்-5-இன் டாப் சுமார் 20 கிலோதான், இரண்டு பேர் போதும். ஜீப் டாப்பை அந்தக் கணக்கில் தூக்கப் பார்க்காதீர்கள்.

அறிகுறி: மேடு பள்ளத்தில் சத்தம்

'கடக்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால் தளர்ந்த போல்ட் அல்லது லாக். 'கிறீச்' என்று இழுத்தால் ரப்பர் வறண்டிருக்கிறது, அல்லது ஃபைபர் இரும்பை நேரே உரசுகிறது. உரசும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளப்பாகத் தெரியும். அங்கே ஃபெல்ட் டேப் ஒட்டுங்கள். பின்கண்ணாடியின் கீலும் கேஸ் ராடும் இதே சத்தத்தைக் கொடுக்கும் என்பதால் கண்ணாடியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பின்கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் டீஃபாகரோ உள்விளக்கோ வேலை செய்யவில்லை என்றால் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். கழற்றி வைத்த மாதங்களில் ஈரம் ஏறியிருக்கும்.

கழற்றிய டாப்பை வைப்பது

சுவரில் சாய்க்க வேண்டாம். மாட்டியிருக்கும்போது எப்படி உட்காருமோ அப்படியே, மட்டமான மரச்சட்டத்தின் மேல், நான்கு மூலையும் நடுப்பக்கமும் தாங்கும்படி வையுங்கள். பீடிங் எடை தாங்கக் கூடாது. தாங்கினால் நசுங்கி அப்படியே நின்றுவிடும். தகரக் கூரைக்கு நேர் அடியில் வைக்காமல் ஓட்டுக் கூரை உள்ள பக்கம் வைத்தால் சூடு குறையும். பழைய போர்வையால் மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்க்கும்.

வண்டி கேன்வாஸ் டாப்போடு பதிவானது என்றால் இன்னொரு வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. டாப் வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி உருண்டால் ஃபைபர் டாப் ஆளைக் காப்பாற்றாது. ரோல் பாரும் சீட் பெல்ட்டும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

மாட்டிய முதல் வாரம் ஓட்டிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். புது பீடிங் அழுந்தி இறங்கியிருக்கும், கால் சுற்று ஏறும். அதற்கு மேல் ஏறினால் இறுக்காதீர்கள். டாப்பைத் தூக்கி அந்த மூலையை மறுபடி பாருங்கள்.